முதல் தாளில் நின்ற லிஃப்ட்

சிறுவர் துப்பறியும் கதைத் தொடர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். அத்தியாயம் பிரிப்பது, படத்துக்கு இடம் விடுவது, புரூஃப் பார்ப்பது எல்லாம் போகப்போகக் கைக்கு வந்துவிடும். அவற்றை நான் சொல்லப்போவதில்லை. அட்டையைத் திறந்ததும் வலது பக்கத்தில், தலைப்புப் பக்கத்துக்கும் முன்னால், ஒரு தாள் இருக்கும். கதையின் நடுவிலிருந்து எடுத்த நாலைந்து வரிகள் அதில் இருக்கும். ஆபீசில் அதை டீசர் என்போம். இந்த வேலையில் நான் பார்த்த மிகப் பெரிய சோதனை அந்த ஒரு பக்கத்தால் வந்தது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடையில் ஒரு பிள்ளை புத்தகத்தை எடுத்து நின்றபடியே திறக்கிறது. பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ "வா, நேரமாச்சு" என்கிறார்கள். அந்த இடைவெளியில் படிக்கக் கிடைப்பது டீசர் மட்டும்தான். அதிலும் நம் மும்பைப் பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் படிப்பார்கள். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்த நாலு வரியைக் கடப்பதே பெரிய வேலை. கடந்துவிட்டால், அதற்கு நாம் ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

நான் வேலை பார்த்த பதிப்பகம் மாட்டுங்காவில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. தொடரின் பதிப்பாசிரியர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களுக்கு அவர் 'சார்'. டீசரை வேறு யாரிடமும் விடமாட்டார். கைப்பிரதி வந்ததும் தானே உட்கார்ந்து படித்து, ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, ஆபீஸ் நடுவில் நின்றுகொண்டு சத்தமாக வாசிப்பார். பக்கம் வடிவமைக்கும் பெண் எப்போதும் காதில் இயர்ஃபோன் மாட்டியிருப்பாள். கதை என்றாலே அவளுக்கு ஆகாது. அவள் ஒரு காதிலிருந்தாவது அதைக் கழற்றினால் அந்தத் துண்டு தேறியது என்று அர்த்தம். கழற்றாவிட்டால் சார் தன் மேசைக்குப் போய் மறுபடி படிக்க ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் தொடரின் பெயர் 'டி விங் துப்பறிவாளர்கள்'. செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டி, அதன் டி விங்கில் குடியிருக்கும் சில பிள்ளைகள், அவர்கள் கண்டுபிடிக்கும் மர்மங்கள். எழுதியவர் அபிராமி. ஐரோலியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை. போகும்போதும் வரும்போதும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் மொபைலிலேயே எழுதுவார். அந்தத் தொடரின் ஒரு புத்தகத்துக்கு சார் தேர்ந்தெடுத்த டீசர் இது:

*லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. விளக்கு அணைந்தது. ரம்யா இருட்டில் தடவி அலாரம் பட்டனைத் தேடினாள்.*

*"மேலே யாராவது இருக்கீங்களா?"*

*பதில் உடனே வந்தது. "நான்தான், ரம்யா. பட்டன்ல கை வைக்காதே."*

*ரம்யாவுக்கு மூச்சு நின்றது. அது அவளுடைய குரல்.*

சார் இதை வாசித்து முடித்தபோது அந்தப் பெண் இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிட்டாள்.

டீசரும் அட்டையும் கதைக்கு முன்பே தயாராகிவிடும். பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் காட்ட அவை வேண்டும். கதை அதற்குப் பிறகும் திருத்தத்தில் இருக்கும். கடைசித் திருத்தத்தில் அபிராமி அந்த லிஃப்ட் காட்சியை எடுத்துவிட்டார். அது இருந்த இடம் தெரியாதபடி முன்னும் பின்னும் அழகாக ஒட்டியும் விட்டார். முதல் தாள் மட்டும் பழையபடியே அச்சுக்குப் போனது. யாருக்கும் தெரியவில்லை.

கடைகளுக்குக் கொஞ்சம் பிரதிகள் போயின. தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று நடக்கும் ஒரு படிப்பகத்துக்கு முதலிலேயே சில பிரதிகள் கொடுத்திருந்தோம். அதே ஆட்கள் செம்பூரிலும் மான்குர்த்திலும் புதிதாகப் படிப்பகங்கள் தொடங்க இருந்தார்கள். மூன்று இடத்துக்கும் சேர்த்துப் பெரிய ஆர்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதியவற்றுக்கும் சேர்த்துத் தாராவியிலேயே தொடக்க விழா. அபிராமி வந்து டீசரை வாசிப்பதாக ஏற்பாடு. அந்தப் பிரதிகள் எல்லாம் பைண்டிங் கடையில் கட்டி முடித்து அடுக்கியிருந்தன.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கையில், சனிக்கிழமை காலை ஓர் அம்மாவும் மகளும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். மகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். கையில் எங்கள் புத்தகம். பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா," என்றார் அம்மா. "நாங்க தாராவிலேருந்து வாரோம். இவ ஒரே பிடிவாதம் பிடிக்கா. இந்தப் புஸ்தகம் போட்ட ஆபீஸுக்குப் போயே ஆவணும்னு. அட்ரஸ் இதுலயே இருக்குன்னு காட்டுதா."

"உக்காருங்கோ," என்றார் சார். "உன் பேர் என்ன கொழந்தே?"

"இசக்கிப்ரியா. அங்கிள், இதுல மொதல்ல ஒரு பக்கம் இருக்குல்ல? லிஃப்ட் பந்த் ஆயிரும், அந்தப் பொண்ணு குரல்லயே யாரோ பேசுவாங்க. அது உள்ள எந்தப் பக்கத்துல வருது?"

சார் சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கினார். "பதினோராவது அத்தியாயம். இதோ காட்டறேன் பாரு."

பதினோராவது அத்தியாயத்தைப் புரட்டினார். முன்னால் ஓர் அத்தியாயம் போனார். பின்னால் ஓர் அத்தியாயம் வந்தார். சிரிப்பு முகத்திலிருந்து மெல்லப் போனது. நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருக்க, இசக்கிப்ரியா அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "நான் ரெண்டு வாட்டி படிச்சேன் அங்கிள். ஃபர்ஸ்ட் டைம் எங்கேயோ விட்டுட்டேன்னு நெனைச்சேன். எனக்குத் தமிழ் கச்சா. கூட்டித்தான் படிக்க வரும். அதனால செகண்ட் டைம் ஒவ்வொரு லைனுக்கும் வெரல் வச்சு வச்சுப் படிச்சேன். அப்பவும் கெடைக்கல. கஹான் ஹை, எங்க இருக்குன்னே தெரியல."

"நான்தான் ஏசுனேன்," என்றார் அம்மா. "டீச்சர் சொல்ற மாதிரி ஒனக்குக் கண்ணு நிக்க மாட்டேங்கு, அதான் விட்டுருப்பன்னு. சரி, நாம படிச்சா அகப்படும்னு நானும் எடுத்து வச்சுப் படிச்சேன். பைக்கு ஜிப்பு தைக்கிற வேல எனக்கு. மெஷின் பக்கத்துலயே வச்சுகிட்டு, கொஞ்சங் கொஞ்சமா. ஊருல எட்டாவது வரைக்கும் படிச்சது. அதுக்கு அப்புறம் ஒரு புஸ்தகம் முழுசாப் படிச்சேன்னா அது இதான். எனக்கும் அகப்படல."

விற்பனையைக் கவனித்த செபாஸ்டின் அடுத்த மேசையில் இருந்தார். மாஹிம்காரர், நல்ல மனிதர், நிலைமையைச் சட்டென்று புரிந்துகொள்பவர். சாரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து வந்து அன்பாகவே சொன்னார்: "அது சும்மா விளம்பரத்துக்காகப் போடுறது பாப்பா. சினிமா டிரெய்லர்ல ஒரு சீன் வரும், படத்துல பார்த்தா இருக்காது. அந்த மாதிரி."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஓ," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அது பொய்யா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். அடுத்த புத்தகம் எடுக்கும்போது முதல் பக்கத்தை விட்டுவிடலாமா என்று கேட்பது போல இருந்தது.

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். செபாஸ்டின் ஒரு வழி திறந்துவிட்டார். சார் "ஆமாம்மா" என்று தலையசைத்தால் போதும். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆர்டர் போயிருக்கும், விழா நடந்திருக்கும், யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சார் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் மிகக் கொஞ்சம். நாற்காலியை இழுத்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"பொய் இல்லேம்மா. அந்தக் காட்சி கதையில் இருந்தது. அப்புறம் எடுத்துட்டா. எடுத்தப்போ இந்த முதல் பக்கத்தையும் நான் மாத்தியிருக்கணும். மாத்தலே. நீ எதையும் விடலே. உன் கண்ணும் சரியா இருக்கு, உன் தமிழும் சரியா இருக்கு. விட்டது நான்." பிறகு அம்மாவைப் பார்த்தார். "உங்க மேலயும் தப்பில்லே. இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?"

அந்த அம்மா மகளின் முதுகில் கை வைத்தார். கையை எடுக்கவே இல்லை.

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். பெண் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். "சரி அங்கிள். ஆனா அது யாரு? யாரு பேசுனது?"

சார் அங்கேயே அபிராமிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"அந்தக் காட்சியைத் திருப்பி வைக்க முடியுமா?" என்று கேட்டார் சார்.

"முடியாது சார்," என்றார் அபிராமி. "அது நிக்காத சீன். திருடன் ரம்யாவோட குரலை மொபைல்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தான், அதைப் போட்டான்னு எழுதியிருந்தேன். ஆனா அவ இருட்டுல பட்டனைத் தேடுவான்னு அவனுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? எந்தக் குழந்தையாவது இதைக் கேட்டா என்கிட்ட பதில் இல்ல. அதான் எடுத்துட்டேன். தப்புன்னு தெரிஞ்ச சீனைத் திரும்ப வைக்க மாட்டேன் சார், மன்னிச்சிடுங்க."

அபிராமியை நான் அன்றைக்கு இன்னும் அதிகமாக மதித்தேன். பதிப்பாசிரியர் கேட்கிறார், அவசரம் இருக்கிறது, இருந்தும் சரியில்லாததைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு வழி அடைபட்டுவிட்டது. கேள்வி புத்தகத்தின் முகப்பில் அச்சாகி நிற்கிறது. பதில் எழுதியவரிடமே இல்லை.

அப்போது இசக்கிப்ரியா போன் பக்கம் குனிந்தாள். "ஆன்ட்டி, ரெக்கார்டிங் இல்ல. அது கௌரின்னு நான் நெனைச்சேன்."

"எந்தக் கௌரி?" என்றார் அபிராமி.

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். எழுதியவருக்கே சட்டென்று நினைவுக்கு வரவில்லை. கதையில் கௌரி என்பவள் டி விங் வாட்ச்மேனின் மகள். இரண்டாவது அத்தியாயத்தில் வந்து, சொசைட்டிக்காரர்கள் ஒவ்வொருவரையும் போலப் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். அதற்குப் பிறகு கதையில் அவள் இல்லை.

"வாட்ச்மேன் பொண்ணு," என்றாள் இசக்கிப்ரியா. "அவ எல்லார் குரல்லயும் பேசுவால்ல? அப்புறம் வரவே மாட்டேங்கா. எங்கே போனான்னு நான் பாத்துகிட்டே இருந்தேன். அவதான் மேல இருந்திருப்பா."

"சரி, அவ ஏன் பட்டன்ல கை வைக்காதேன்னு சொல்லணும்?"

இதற்கு அம்மா பதில் சொன்னார். போனில் பேசுவது கூச்சமாக இருந்திருக்கும், என்னைப் பார்த்துச் சொன்னார். "அலாரம் பட்டன் மேல வாட்ச்மேன் டேப்பு ஒட்டியிருக்காருன்னு முன்னாடி ஒரு எடத்துல எழுதியிருக்கே. எங்க சந்துல அப்பிடி டேப்பு ஒட்டுனா ஷாக் அடிக்குதுன்னு அர்த்தம். வாட்ச்மேன் மகளுக்குத் தெரியாம இருக்குமா?"

போனில் அபிராமி மெதுவாகக் கேட்டார்: "ஆனா அவ ஏன் ரம்யா குரல்ல பேசணும் பிரியா? தன் குரல்லயே சொல்லலாமே?"

"அப்பிடிச் சொன்னா அவ அங்க இருக்கான்னு திருடனுக்குத் தெரிஞ்சுரும்ல? அப்போ அவன் மாடிப்படியிலதான இருக்கான்னு கதையில வருது. ரம்யா லிஃப்ட்டுக்குள்ள இருக்கறது அவனுக்குத் தெரியும். ரம்யா குரல்ல பேசுனா, ரம்யாதான் கத்துதான்னு நெனைச்சுக்குவான். கௌரி சின்னப் பொண்ணு. அவளுக்குப் பயம் இருக்காதா?"

வடிவமைக்கும் பெண் எப்போது எழுந்து எங்கள் பக்கம் வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. செபாஸ்டின் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் அபிராமி கடைசியில். "எழுதறேன். எனக்கு நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க."

போனை வைத்ததும் செபாஸ்டின் தன் யோசனையைச் சொன்னார். அதையும் நீங்கள் கேட்க வேண்டும், ஏனென்றால் நாளை உங்களிடமும் ஒருவர் இதைத்தான் சொல்வார். "சார், புதுசா எழுதி, அச்சடிச்சு, ஒவ்வொரு பிரதியிலயும் ஒட்டணும். விழாவுக்கு முன்னாடி முடியுமா? டீசர் தாளைக் கிழிச்சிட்டா போதுமே. கௌன் தேக்தா ஹை? யார் பார்க்கப் போறா?"

சார் மேசையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். "இவ பார்த்துட்டாளே. ஏற்கெனவே வாங்கினவா எத்தனை பேர் வீட்டில் விரல் வச்சுத் தேடிண்டு இருக்காளோ? அவாளுக்கெல்லாம் தாளைக் கிழிக்க முடியாது செபாஸ்டின். கேள்வி போயிடுத்து. இனிமே பதில்தான் போகணும்."

அவரே படிப்பகத்துக்காரர்களுக்கு போன் செய்தார். பிழை எங்களுடையது, பிரதிகள் விழா நாளன்றுதான் வந்து சேரும் என்று மறைக்காமல் சொன்னார். அவர்களுக்கு மகிழ்ச்சி இல்லை. வேறு புத்தகம் பார்க்கலாமா என்று கூடப் பேசியதாகப் பிறகு தெரிந்தது. ஒரு பிள்ளை தேடி வந்து கேட்டதைச் சார் சொன்ன பிறகுதான் பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை அவர்கள் படிப்பகத்திலிருந்தே எடுத்துப் படித்தவள் அல்லவா?

கிளம்பும்போது சார் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டார். புதிதாகச் சேர்க்கும் பக்கத்தின் அடியில், இதைத் தேடிக் கேட்ட வாசகர் என்று உங்கள் மகள் பேரைப் போடலாமா என்று. அம்மா மகளைப் பார்த்தார்.

"போடுங்க அங்கிள்," என்றாள் அவள். "ஆனா முழுசாப் போடுங்க. ஸ்கூல்ல எல்லாரும் பிரியான்னுதான் கூப்பிடுதாங்க. இசக்கின்னா சிரிக்காங்க."

மறுநாள் ஞாயிறு. அபிராமி மதியத்துக்குள் ரயிலில் மாட்டுங்கா வந்துவிட்டார். ஆபீசைத் திறந்து வைத்து நாங்கள் காத்திருந்தோம். அவர் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நிலைமையைப் பாருங்கள்: புதுக் காட்சி பதினோராவது அத்தியாயத்தின் முடிவில் வர வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள ஒரு வரியையும் மாற்ற முடியாது, அவை அச்சாகிக் கட்டியாகிவிட்டன. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள், ஆனால் மிச்சக் கதையில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இதை எப்படி ஒட்டுவது?

அபிராமி ஒட்டியிருந்தார். லிஃப்ட்டின் கம்பிக் கதவு வழியாகக் கௌரி ரம்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்: "நான் இங்க இருந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. எங்கப்பாவுக்கு வேலை போயிடும்." ரம்யா சொல்லமாட்டேன் என்கிறாள். சொல்லவில்லை. அதனால்தான் கதை முடியும் வரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. குறையாக இருந்தது ஒரு பெண் காப்பாற்றிய வாக்காக மாறிவிட்டது. பின்பகுதியில் ரம்யா காரணமில்லாமல் மௌனமாக இருக்கும் ஓர் இடம் உண்டு. முன்பு அது எனக்குச் சாதாரண வரியாகத் தெரிந்தது. இப்போது படித்தால் அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று தெரிகிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை.

"கௌரியைச் சிரிக்க வைக்க மட்டும் கொண்டுவந்துட்டு மறந்துட்டேன்," என்றார் அபிராமி. "அந்தப் பொண்ணு மறக்கல."

பிறகு நடந்தது ஓட்டம்தான். அச்சு, மடிப்பு, ஒட்டு. அந்த வாரம் முழுக்க பைண்டிங் கடையிலேயே கிடந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கிழித்துவிடலாம் என்ற அதே செபாஸ்டின்தான். ஒட்டிய தாள் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்தார். கடைகளுக்கு அவரே போய், முன்பு வாங்கியவர்கள் கேட்டால் கொடுக்கச் சொல்லி அந்தப் பக்கங்களைத் தனியாக வைத்துவிட்டு வந்தார். தன் யோசனையை விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்தவர் யோசனைக்குத் தன் வேலை போல உழைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் மறக்காதீர்கள். இந்தத் தொழில் அப்படிப்பட்டவர்களால்தான் ஓடுகிறது.

சார் அதற்குப் பிறகு ஆபீசில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினார். கடைசித் திருத்தம் முடிந்து, கதை அச்சுக்குப் போகும் நாளில், டீசரைக் கையில் வைத்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் ஒரு வாசகரைப் போல முதலிலிருந்து படிப்பார். அந்த வரிகள் வரும் இடம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தி, எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அந்தத் தாளில் நீங்கள் எதை எழுதினாலும் ஒரு பிள்ளை அதை நம்பி உள்ளே வரும். தேடியது கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளை முதலில் சந்தேகப்படுவது உங்களை அல்ல, தன்னைத்தான்.

விழா நாளன்று தாராவி படிப்பகத்துக்குப் போனோம். கீழே பைகள் தைக்கும் பட்டறை, மேலே தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. ஞாயிறு என்பதால் கீழே மெஷின்கள் ஓடவில்லை. பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் அம்மாக்கள் நின்றிருந்தார்கள். புத்தகக் கட்டுகள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன.

அபிராமி எழுந்து, இந்தப் புத்தகத்தில் நடந்த தவறையும் அதைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொன்னார். பிறகு, "இன்னைக்கு நான் வாசிக்கப் போறதில்ல. இசக்கிப்ரியா வாசிப்பா," என்று புத்தகத்தை நீட்டினார்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையை மட்டும் அசைத்தார். பெண் முன்னால் வந்து முதல் தாளைத் திறந்தாள்.

மெதுவாகத்தான் வாசித்தாள். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக. "லிஃப்ட்... இரண்டு... மாடிகளுக்கு... நடுவே... நின்றது." முதல் வரியில் பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்த இருட்டு அறைக்குள்ளேயே இறங்கியது. அடுத்த சொல் என்ன என்று எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். சார் எத்தனையோ டீசர்களை எங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். எதற்கும் அப்படி ஓர் அமைதி வந்ததில்லை.

"அது... அவளுடைய... குரல்."

புத்தகத்தை மூடினாள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண்ணால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, யாருக்கா அது? யாரு பேசுனது?"

இசக்கிப்ரியா எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். சாரும் அபிராமியும் நானும் அங்கேதான் நின்றிருந்தோம். பிறகு அந்தச் சின்னப் பெண்ணிடம் திரும்பி, கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி அவள் மடியில் வைத்தாள்.

"உள்ள இருக்கு," என்றாள். "படி."